லூர்து பேருல நான் போட்ட ஜாயிண்டு

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்ணே. அந்தா, முன்னால மூணாவது சீட்டுல பச்சப் பொடவை கட்டி, மடியில பிளாஸ்டிக் பையில காகிதத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கால்ல, அது என் சம்சாரம். பிலோமினா. திருச்சியிலேருந்து பெரம்பலூர் வரைக்கும் அவ பக்கத்துலதான் உக்காந்து வந்தேன். முடியல. பின்னால காத்து வரும்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு இங்க வந்துட்டேன்.

நீங்க தாம்பரத்துல எறங்கி மக வீட்டுக்குப் போறேன்னு சொன்னீங்க. நாங்களும் அங்கதான் எறங்குறோம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்குன்னு சர்க்கார் ஆபீஸ் ஒண்ணு இருக்குல்ல, அங்க மனு குடுக்கப் போறோம். அதுக்குள்ள நான் அவகிட்ட ஒரு விஷயம் சொல்லியாகணும். ரெண்டு மாசமா சொல்லல. உங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாத்துட்டா வாய் பழகிடும்ல? அப்புறம் அவகிட்டச் சொல்லிடுவேன். நீங்க முன்னப்பின்ன தெரியாதவரு, உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல. கேளுங்க.

எம் பேரு ஞானப்பிரகாசம். துவாக்குடிப் பக்கம். வெல்டர். வெல்டர்னா ஜன்னல் கம்பி, கேட்டு, கோழிக் கூண்டு அடிக்கிற ஆளுன்னு நெனச்சுடாதீங்க. நான் பைப் வெல்டர். சிக்ஸ் ஜி. அப்படின்னா என்னன்னு கேக்குறீங்களா? ரெண்டு பைப்ப முனைக்கு முனை வச்சு, சாய்ச்சு இறுக்கிக் கட்டிடுவான். அது அசையாது, திரும்பாது. நாமதான் அதச் சுத்தி வரணும். மேல, பக்கவாட்டுல, அப்புறம் அடியில படுத்துக்கிட்டு. அடியில பத்த வைக்கிறப்ப உருகுன இரும்பு நம்ம மூஞ்சியில சொட்டாம மேலேயே நின்னு ஒட்டணும். ஒட்டுனதுக்கு அப்புறம் மனுசனுக்கு எடுக்கிற மாதிரியே எக்ஸ்ரே எடுப்பான். உள்ள ஊசி முனை அளவு ஓட்ட இருந்தாலும் போச்சு, அறுத்து வீசிடுவான். ஒம்போது வருசம் அரபு நாட்டுல இருந்தேன், நான் ஒட்டுன ஜாயிண்டு ஒண்ண அறுத்தான்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். இது தற்பெருமை இல்லண்ணே. உள்ளதச் சொல்றேன்.

லீவுல வந்தவன், திரும்பப் போறதுக்கு மெடிக்கலுக்குப் போனேன். நெஞ்சு எக்ஸ்ரேயில ஒரு தழும்பு. சின்ன வயசுல டிபி வந்து ஆறிப்போனது. முன்ன எல்லாம் கண்டுக்காம விட்டானுங்க, இந்தவாட்டி அன்ஃபிட்னு, அதாவது வேலைக்கு லாயக்கில்லன்னு சீல் வச்சுட்டான். கை நல்லா இருக்கு, கண்ணு நல்லா இருக்கு, எப்பவோ ஆறிப்போன ஒண்ணுக்காக ஆளையே ஒதுக்கிட்டான். மறுபடி மறுபடி ஏறி எறங்கினேன். நடக்கல. ஆறு மாசம் வீட்டுல கெடந்தேன். பிலோதான் சொன்னா, இங்கேயே ஒரு பட்டறை போடுங்கன்னு. கேட்டு அடிக்கவா நான் கத்துக்கிட்டேன்? சண்டை போட்டேன் அவகூட.

அப்பதான் தங்கராசு வந்தான். ஏஜெண்டுன்னு சொல்லிக்குவான். லைசென்ஸ் எல்லாம் வேற யார் பேருலயோ, இவன் ஊர் ஊராப் போய் ஆள் புடிச்சுக் குடுக்கிறவன். கம்பெனிக்காரன் வெளிநாட்டுலேருந்து ஆள அனுப்பி ஷெட்டுல டெஸ்ட்டு வைப்பான். பாஸானவனுக்கு விசா. தங்கராசு புடிச்சுட்டு வர்ற ஆளுங்க எல்லாம் வயல்ல நின்னவன், ஆட்டோ ஓட்டுனவன். எவன் பாஸாவான்? "அண்ணே, நீங்க ஒரு மணி நேரம் அந்தப் பய பேருல பைப்ப ஒட்டிக் குடுத்துடுங்க, ஒரு குடும்பம் பொழைச்சுக்கும்"னான்.

எப்படின்னு கேக்குறீங்களா? ரொம்ப சுளுவு. பேரு குடுத்தவன் போட்டோவக் காட்டி, கையெழுத்துப் போட்டு உள்ள போவான். தடுப்பு தடுப்பா பூத்து கட்டி, மறைப்புத் துணி தொங்கும். ராடு, அதான் வெல்டிங் குச்சி, எடுக்கப் போறேன்னு வெளிய வருவான். அந்த ராட சூடா வைக்கிற அடுப்புகிட்ட நான் அதே நீலக் கவரால் உடுப்புப் போட்டுக்கிட்டு நிப்பேன். முகத்துல ஹெல்மெட்ட எறக்கிட்டா எல்லாரும் ஒண்ணுதான். கையில தோல் கிளவுஸ். நான் உள்ள போயிடுவேன், அவன் கக்கூஸ்ல ஒக்காந்திருப்பான். அவன் ஒசரமும் என் ஒசரமும் ஒத்து வரணும், அவ்வளவுதான் கணக்கு.

முப்பத்தெட்டுப் பேருண்ணே. என் கையால முப்பத்தெட்டுப் பேரு கடல் தாண்டியிருக்கான். தங்கராசு ஏதோ குடுப்பான், அது பெருசில்ல. நான் போக முடியல, என் கையாவது கடல் தாண்டிப் போச்சு. ஒவ்வொருத்தன் ஏரோப்ளேன் ஏறுறப்பவும் நானே ஏறுற மாதிரி இருக்கும். தப்புன்னு எனக்குத் தோணவேயில்ல. ஏன்னா எப்பவும் நான் சுமாராத்தான் போடுவேன். வேணும்னே அங்கங்க மேடும் பள்ளமுமா. சுமாராப் பாஸானவனுக்கு அங்க பைப்பத் தாங்குற ஸ்டாண்டு அடிக்கிற வேலைதான் குடுப்பான். அத எவனும் செஞ்சுடலாம். ஆறு மாசத்துல கண்ணால பாத்துக் கத்துக்குவான். முப்பத்தெட்டுப் பேருல ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலையே. ரெண்டு பேரு போன் எடுக்கிறதில்ல. அது அவனவன் பிஸி.

இப்ப முப்பத்தொம்பதாவது ஆளு லூர்துக்கு வர்றேன். லூர்துசாமி, பிலோவோட ஒரே தம்பி. அவங்க அம்மா செத்தப்ப அவனுக்கு நாலு வயசு, இவதான் இடுப்புல தூக்கி வளத்தா. புள்ள மாதிரின்னு சொல்றது எல்லாம் சும்மா, புள்ளைதான். கிரில் பட்டறையில வேலை பாத்தான். நல்ல பையன், ஆனா கை கனம். ராடு அவன் கையில தெத்துப் பல்லு மாதிரி கோணிக்கிட்டுப் போகும். "மாமா, என்னையும் அனுப்பிவிடுங்க மாமா"ன்னு ஒரு வருசமா நச்சரிச்சான். அக்காவுக்குத் தெரிய வேண்டாம், டெஸ்ட்டுல நானே பாஸானேன்னு சொல்லணும்னு ஆசை அவனுக்கு. சரின்னேன்.

தங்கராசு அன்னிக்கு காலையில தெளிவாச் சொன்னான். "அண்ணே, இந்தக் கம்பெனி பெருசு, வீடியோ எடுக்குறான். சுமாராப் போடுங்க, அழகு காட்டாதீங்க." சரி சரின்னு தலையாட்டிட்டுத்தான் உள்ள போனேன்.

ஆனா அந்தப் பைப்பு இருக்கே அண்ணே… புது பைப்பு. நான் அங்க கடைசியா வேலை பாத்தப்ப புடிச்ச அதே சைசு. டெஸ்ட்டு பாக்குற இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளக்காரன், கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறான். என் மச்சினன் பேருக்குன்னு குடுத்த நம்பரு பைப்பு மேல குத்தியிருக்கு. இதுல போய் கோணல்மாணலா இழுக்கச் சொன்னா கை கேக்குமா? கேக்கல. எடுத்துப் போட்டேன் பாருங்க ஒரு ஜாயிண்டு. காசு அடுக்கி வச்ச மாதிரி ஒரே சீரு, ஒண்ணு மேல ஒண்ணு. எக்ஸ்ரேயும் அப்புறம் கண்ணாடி மாதிரி வந்துச்சாம். அந்த வெள்ளக்காரன் பூத்துக்குள்ள வந்து தோளத் தட்டினான். ஹெல்மெட்டத் தூக்கச் சொல்லிடுவானோன்னு பயந்து போய் தலைய மட்டும் ஆட்டுனேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு என் கல்யாணத்துல கூட இல்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க.

முதல் கிரேடு குடுத்துட்டான். அதுல விழுந்துச்சு மண்ணு. சுமாரானவனுக்குத்தான் ஸ்டாண்டு வேலை. முதல் கிரேடுகாரனக் கொண்டு போய் பிரஷர் லைன்ல நிக்க வச்சுட்டான். பெரிய பைப்பு, உள்ள அழுத்தம். லூர்து மொத நாளே போன் பண்ணி அழுதான். "மாமா, இது எனக்கு வராது மாமா." நான் போன்ல சொல்லிக் குடுத்தேன். ராட இப்படிச் சாய், கரண்ட்ட எறக்கு, மூச்ச அடக்கிக்க. போன்ல கத்துக்குற வேலையா அது? போட்டதுல பத்தொம்போது ஜாயிண்ட அறுத்து எறிஞ்சான். சூப்பர்வைசர் டெஸ்ட்டு வீடியோவ எடுத்துப் பாத்துட்டு, இவ்வளவு நல்லாப் போடத் தெரிஞ்சவன் ஏன் இப்படிப் போடுறான், வேணும்னே கெடுக்குறான், ஊருக்கு ஓடப் பாக்குறான்னு முடிவு கட்டிட்டான். பாஸ்போர்ட்டு ஏற்கனவே அவன் கையில. வேணாம், நான் வேற வேலை பாக்குறேன்னு லூர்து கெஞ்சியிருக்கான். கேக்கல.

அப்புறம் ஒரு ஜாயிண்டு பிரஷர் ஏத்துறப்ப வாயப் பொளந்துடுச்சு. பக்கத்துல பீகார்காரர் ஒருத்தரு, ஹெல்பரு. கால்ல… சரி, அது வேற கதை. அவரக் கம்பெனி பாத்துக்கும். லூர்த போலீசு கூட்டிக்கிட்டுப் போச்சு. கேஸ் என்னன்னா, வேணும்னே சேதம் பண்ணினான்னு. தெரியாமப் பண்ணுனா வேற. தெரிஞ்சே பண்ணுனா வருசக் கணக்குல உள்ள வச்சுடுவான். அவன் தெரிஞ்சவன்ங்கிறதுக்கு அத்தாட்சி என்ன? நான் போட்ட ஜாயிண்டு. நான் இருக்கிற வீடியோ.

புரியுதாண்ணே உங்களுக்கு? நான் கொஞ்சம் கெட்ட வேலை பாத்திருந்தா அந்தப் பய இன்னிக்கு வெளிய இருப்பான்.

கம்பெனி அந்த வீடியோவ எங்க வாட்ஸப்புக்கும் அனுப்புச்சு. பாருங்க உங்க ஆளு யோக்கியதைன்னு. பிலோ அத எத்தனை வாட்டி பாத்திருப்பா தெரியுமா? பாக்குறது, கண்ணத் தொடைச்சுக்குறது, மறுபடி பாக்குறது. "என் தம்பி கை எவ்ளோ அழகா ஓடுது பாருங்க, இவனப் போய் கெட்டவன்னு சொல்றானுங்களே"ன்னா. கல்யாணமாகி பதினெட்டு வருசத்துல நான் வேலை செஞ்சு அவ ஒருநாளும் பாத்ததில்ல. அவ அப்படிச் சொன்னப்ப… என்னத்தச் சொல்ல. வாயத் தெறந்து சொல்லியிருக்கணும். "ஆமா, நல்லாத்தான் ஓடுது"ன்னேன். வெக்கங்கெட்டவன்.

அப்புறம் தெனமும் தங்கராசத் திட்டுவா. நானும் கூடச் சேந்து திட்டுவேன். அவன் போன ஆஃப் பண்ணிட்டு எங்கயோ ஓடிட்டான். இப்ப அவ மடியில வச்சிருக்காளே, அந்த மனுவுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? ஏஜெண்டு தங்கராசு டெஸ்ட்டே வைக்காம சர்டிபிகேட்டு வாங்கிக் குடுத்துட்டான், என் தம்பி அப்பாவின்னு. அவளே ஒக்காந்து எழுதினா. இந்த மனு நாளைக்கு மேசைக்குப் போனா கம்பெனி என்ன பண்ணும்? டெஸ்ட்டு நடந்துச்சே, இந்தா வீடியோன்னு தூக்கிக் காட்டும். பையன் இன்னும் ஆழமா மாட்டிக்குவான். எனக்குத் தெரியுது. ஆனா திருத்தச் சொல்லணும்னா ஏன்னு கேப்பா.

லூர்து இருக்கிற ஊருல ஹக்கீம்னு ஒரு தம்பி இருக்காரு. லாண்டரியில வேலை. லீவு நாள்ல ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சு நம்மாளுங்களுக்கு ஒத்தாசை பண்றாரு. ஒரு பைசா வாங்குறதில்ல. அவருகிட்ட மட்டும் மூணு வாரத்துக்கு முன்ன உண்மையச் சொன்னேன். துள்ளிக் குதிச்சாரு. "அண்ணே, இதுதான் அவன் உசுரு. டெஸ்ட்டு குடுத்தது நான்தான்னு ஒரு வாக்குமூலம் எழுதி அந்த ஆபீஸ்ல குடுங்க. அவங்க தூதரகத்துக்கு அனுப்புவாங்க. இன்னும் மூணு வாரத்துல, ஞாயித்துக்கெழம கோர்ட்டு, இங்க அது வேலை நாள்தான், அதுக்குள்ள வரணும். அவன் தொழில் தெரியாதவன்னு ஆயிட்டா கேஸ் மாறிடும், ஊருக்கு அனுப்பிடுவாங்க"ன்னாரு. மூணு வாரம்ணே. நான் எழுதல. எழுதல இல்ல, எழுதினேன். இந்தா சட்டப் பையிலதான் இருக்கு. படிச்சுப் பாருங்க.

ஆமா. "தங்கராசு என்னை மிரட்டி"ன்னு போட்டிருக்கேன். அவன் ஒண்ணும் மிரட்டல. அப்படி எழுதினா நம்ம மேல கொஞ்சம் எரக்கம் வரும்ல? ஏன் அப்படிப் பாக்குறீங்க? எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. பெரியவ பதினொண்ணாவது. நான் நாளைக்கு அந்த மேசையில போய் நான்தான்னு சொன்னா என்னை சும்மா விடுவானா? அதோட, ஒண்ணு சொன்னா முப்பத்தெட்டும் வெளிய வரும். அந்த முப்பத்தெட்டு வீட்டுலயும் கூரை மாத்தியிருக்கான், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணியிருக்கான். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிட்டான்னா? நான் நல்லதுதானே பண்ணினேன்? நீங்களே சொல்லுங்க.

காகிதத்த மடிச்சுக் கையிலயே வச்சுக்கிட்டீங்க.

இருங்க, போன். ஹக்கீம் தம்பிதான்.

சொல்லுங்க தம்பி. ஆமா, பஸ்ஸுல. விக்கிரவாண்டி தாண்டியாச்சு. ம்… ம். எப்ப? நேத்தா? அவன் ஏன் போட்டான்? இல்ல, அரபியில இருந்தா அவனுக்கு எப்படிப் புரியும்? மொழிபெயர்த்துச் சொன்னாங்களா… தெரிஞ்சேதான் போட்டானா? … என் பேரு? என் பேரக் கேட்டாங்களா? … ம். … அவரு பேரு என்ன தம்பி? இல்ல, அந்த பீகார்காரரு. … ரஞ்சனா? சரி. ரஞ்சன். … இல்ல, நாளைக்குக் குடுத்துடுவேன். குடுத்துடுவேன் தம்பி. வச்சுடறேன்.

கையெழுத்துப் போட்டுட்டானாம்ணே. நேத்து. வேணும்னேதான் கெடுத்தேன்னு ஒத்துக்கிட்டானாம். ஹக்கீம் போய்ப் பாத்தப்ப, ஏண்டா இப்படிப் பண்ணுனன்னு சத்தம் போட்டிருக்காரு. "டெஸ்ட்ட நான்தான் குடுத்தேன்னு சொல்லிட்டேண்ணே. மாமா பேரு வந்துடக் கூடாது. அக்காவும் புள்ளைங்களும் தெருவுல நின்னுடும். ரஞ்சன் காலு போனதுக்கு எப்படியும் நான்தானே காரணம்"னு சொன்னானாம். ரெண்டு மாசமா அந்த மனுசன் பேர நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல. இவன் ஜெயில்ல கெடந்துக்கிட்டு அவருக்காக அழுவுறானாம்.

இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள என் காகிதம் போனா இன்னும் மாத்தலாமாம். ஆனா பொய் ஒரு வரி இருந்தாலும் நிக்காதுங்குறாரு. மிரட்டினான் கிரட்டினான்னு இருந்தா கிழிச்சுப் போட்டுடுவாங்களாம். முப்பத்தெட்டுப் பேரு கதையும் வரும், வரட்டும்ங்குறாரு. தெரியாத வேலையில அவங்களும் எங்க நிக்குறாங்களோன்னாரு.

அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். காறித் துப்பினாலும் துப்புங்க. அவன் ஒத்துக்கிட்டான்னு ஹக்கீம் சொன்னாருல்ல, அப்ப ஒரு நிமிசம்… ஒரே ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பாடா, நான் சொல்ல வேண்டியதில்லன்னு. சத்தியமா இருந்துச்சு. நானும் ஒரு மனுசன்னு சோறு திங்குறேன் பாருங்க.

அவ திரும்பிப் பாக்குறா. போன் வந்ததப் பாத்துட்டா. எந்திரிக்கிறா. பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுது, விழுந்துடப் போறா. அண்ணே, ஒரு ஒதவி. நீங்க அவ சீட்டுல போய் உக்காந்துக்குங்க. உங்க பைய நான் எடுத்துத் தர்றேன். அந்தக் காகிதத்தக் குடுங்க. இல்ல, இது வேணாம். கிழிச்சுடறேன். கோவிச்சுக்காதீங்க, போங்க.

வா பிலோ. கம்பியப் புடிச்சுக்க. உக்காரு.

ஆமா, ஹக்கீம்தான். லூர்து நல்லாத்தான் இருக்கான். சொல்றேன், உக்காரு மொதல்ல. அந்த மனுவ வெளிய எடு. பேனா இருக்கா? அதுல தங்கராசு பேரு வருதுல்ல, அதுக்கு முன்னால என் பேர எழுது. ஞானப்பிரகாசம்னு. முழுசா எழுது. அப்பா பேரும் போடு.

ஏன்னு கேக்காத, எழுது.

இல்ல, கேளு. கேளு பிலோ. சொல்றேன்.